எட்டு மணிக் குறிப்பு

இந்தக் குறிப்பேட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். தேதி, காலை எட்டு மணி, அறையின் வெப்பம், கடிகாரத்தின் பிழை, கையெழுத்து. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர இதை மீறியதில்லை. போன வாரம் விசாரணை அலுவலக முத்திரை குத்தி இதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் நாற்பது பக்கம்போல் காலியாகக் கிடக்கிறது. அதில் இன்று சட்டத்தை மீறி எழுதுகிறேன்.

என் பெயர் குற்றாலநாதன். பாளையங்கோட்டைக்காரன், மருத்துவன், வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களை என் தங்கை மாடிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி அலமாரியைக் காட்டுவாள். வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்க்க வைத்திருந்த ஊசல் கடிகாரம், ரயில் கார்டுமார் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தது, பீரங்கிப் படை வைத்திருந்தது என்று அதில் பத்தொன்பது உருப்படிகள் இருக்கின்றன. "எங்க அண்ணனுக்கு பத்தொம்பது பொண்டாட்டி. இருபதாவது கடலுக்குள்ள இருக்கு" என்பாள்.

அந்த இருபதாவதுதான் இந்தக் கதைக்குக் காரணம். நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்திய கப்பல் குரோனோமீட்டர். நடுக்கடலில் எங்கே இருக்கிறோம் என்று கப்பல்காரன் தெரிந்துகொள்வதற்காகச் செய்தது. வினாடி பிசகினால் பாறையில் மோத வேண்டியதுதான். மரப்பெட்டிக்குள் இரட்டைப் பித்தளை வளையத்தில் தொங்கும். பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முகம் மேலே பார்த்தபடியே இருக்கும். கொச்சியில் மூடிப்போன ஒரு கப்பல் பழுதுபார்க்கும் அலுவலகத்தில், காகிதம் பறக்காமல் இருக்க இதைத் தூக்கி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷம் நாயாக அலைந்து அதை வாங்கினேன்.

அழகுக்காகக் கடிகாரம் சேர்ப்பவர்கள் உண்டு, அடுத்தவன் வயிறு எரியட்டும் என்று சேர்ப்பவர்களும் உண்டு. நான் இரண்டும் இல்லை. மின்சாரம் இல்லாமல், செயற்கைக்கோளிடம் கேட்காமல், ஒரு சுருள்வில்லை மட்டும் நம்பி வினாடியைக் கட்டிக் காத்த இயந்திரங்கள்மேல் எனக்கு ஒரு பக்தி. பக்தி என்றால் ஆசாரமும் கூடவே வந்துவிடும். குரோனோமீட்டரின் முள்ளைத் திருத்தக் கூடாது. எவ்வளவு பிழை என்று எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரே வேளையில் சாவி கொடுக்க வேண்டும், அதே வேளையில் ஒப்பிட வேண்டும். மற்ற நேரத்தில் பெட்டியைத் திறக்கவே கூடாது, காற்றுப் பட்டாலும் கை பட்டாலும் அதன் நடை மாறும். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினேன். "வேளை தவறிப் பார்த்த பதிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாமா என்று பிறகு தோன்றியிருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே கடலடியில் இருக்கும் கனிம நிலையத்துக்கு டாக்டர் தேவை என்று விளம்பரம் வந்தது. நேர்முகத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் பிரகலாதன், நிலையத்தின் நிர்வாகி. மெலிந்த, சிரித்த முகக்காரர். சொந்தப் பொருள் எட்டு கிலோவுக்கு மேல் கொண்டுவரக் கூடாது, மின்கலம் உள்ள எதுவும் வேண்டாம், கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும், தீப்பொறி ஆபத்து என்றார். குரோனோமீட்டரைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல பேட்டரி இல்லையா சார்?"

"கிடையாது. சாவி கொடுத்தா ரெண்டு நாள் ஓடும். ஆனா தினம் கொடுக்கணும்."

"எத்தனை மணிக்குக் கொடுப்பீங்க?"

"காலைல எட்டு மணிக்கு."

"எப்பவுமே எட்டுதானா? நடுவுல எடுத்துப் பார்க்க மாட்டீங்களா?"

"மாட்டேன். அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு."

அவர் அதை எழுதிக்கொண்டார். தீப்பொறி இல்லாத சாதனம் என்று தனி அனுமதியும் கொடுத்தார். இருபது நிமிஷம் என் கடிகாரங்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. நம்ம ஆள் ஒருத்தர் கிடைத்தார் என்று பூரித்துப்போய் வெளியே வந்தேன்.

நானூறு மீட்டர் ஆழத்தில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. விளக்கு வெளுத்தால் பகல், மங்கினால் இரவு. முந்நூறு பேர் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை ஒரே வேலைவேளை. சுவருக்குச் சுவர் கடிகாரம் உண்டு. எல்லாம் ஒரே கணினியிடம் நேரம் கேட்பவை. வீட்டோடு நேரடியாகப் பேச முடியாது, குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விடுப்பு. மேலே போகும் கூண்டு எப்போதும் காலை எட்டு மணிக்குத்தான் கிளம்பும். நானும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதில்தான் போய் வந்தேன். எதுவும் உறுத்தவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் சௌக்கியமாக இருந்தேன். தூக்கம் போதவில்லை என்று வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுப்பது, முதுகுவலிக்குத் தைலம் கொடுப்பது, காலை எட்டு மணிக்குக் குறிப்பு எழுதுவது. தூக்கம் போதவில்லை என்று எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். கடலடி வாசம் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அப்படி ஒருநாள் மாலை ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்து நாலு வயது, கவச உடை போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வெளியே போய்க் குழாய் பழுது பார்ப்பவள். மருத்துவ அறைக் கடிகாரம் ஐந்து பத்து காட்டியது.

"டாக்டர், ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கப்பிடாது."

"சொல்லும்மா."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்த நிலையத்துக்குத்தான் சொகமில்ல. பகல்ல நிமிசம் பெருசா இருக்கு, ராத்திரி சின்னதா இருக்கு."

சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் சிரித்தேன். அவள் கோபப்படவில்லை.

"சின்னப் பிள்ளைல எங்கப்பா சங்கு குளிக்கப் போவாவ. நான் வள்ளத்துல கயித்தப் பிடிச்சிக்கிட்டு எண்ணணும். நூறுக்குள்ள அப்பா தல தெரியலைன்னா இழுக்கணும். எம்பதுல இழுத்தா ஏச்சு. நூத்திருவதுல இழுத்தா அப்பா இல்ல. அப்படிப் பழகுன எண்ணிக்க டாக்டர் இது. இங்க செவுத்துக் கடியாரத்தப் பாத்து எண்ணுதேன், மூணு மாசமா. பகல்ல ஒரு நிமிசத்துக்கு அறுவத்திரெண்டு வருது. ராத்திரி அம்பத்தெட்டு."

நாடி பிடித்துப் பார்த்தேன். எண்பத்திரண்டு.

"இதாம்மா காரணம்" என்றேன். "பகல்ல வேலை, பதட்டம். நாடி ஓடும், எண்ணிக்கையும் ஓடும். ராத்திரி உடம்பு அடங்கிரும், எண்ணிக்கையும் மெதுவா வரும். எல்லாருக்கும் உள்ளதுதான்."

"எனக்கு அப்படித் தோணல. வெளிய போனா நான் என் எண்ணிக்கைக்குத்தான் திரும்புவேன், தலைக்கவசத்துல உள்ள மணியப் பாத்து இல்ல. எல்லாருக்கும் முன்ன பத்து நிமிசம் வந்துருதேன்னு மேஸ்திரி ஏசுதாவ. அதான் உங்ககிட்ட வந்தேன். இங்க உள்ள கடியாரம் எல்லாம் ஒரே வாயால பேசுது. உங்க பெட்டிக்குள்ள உள்ளது மட்டுந்தான் தனி ஆளு. அதக் கேட்டுச் சொல்லுங்க."

இந்த இடத்தில்தான் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. பதினோரு வருஷத்தில் என் கடிகாரத்தை மதித்து ஒருத்தி வந்திருக்கிறாள். உடனே குறிப்பேட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். நாளுக்கு அரை வினாடிக்கு மேல் வித்தியாசம் கிடையாது.

"பாரு. நிலையத்து நேரமும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரி போகுது. எங்கேயாவது இடறுதா?"

விரலை வைத்து வரிசையாகப் படித்தாள். எல்லாமே எட்டு மணி, எட்டு மணி, எட்டு மணி. அவளுக்கு என்ன தோன்றியதோ, கேட்டாள்.

"இப்ப ஒருவாட்டி தொறந்து பாக்கலாமா டாக்டர்?"

பெட்டி பக்கத்து அறையில், ஆறடி தூரத்தில் இருந்தது.

"வேளை தவறித் திறக்கக் கூடாதும்மா. அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு."

குறிப்பேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினாள். பிறகு எழுந்தாள். "சரி டாக்டர். பதினோரு வருசம் பொய் சொல்லுமா. எனக்குத்தான் கிறுக்கு" என்றாள். தூக்க மாத்திரை பத்து எழுதிக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து அவளை என் மேஜைமேல் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

கவச உடையில் வெளியே போகிறவர்கள் விடும் மூச்சைச் சுத்தம் செய்ய, அவரவரே சுண்ணாம்புத் தூள் அடைத்துக்கொள்ளும் டப்பா ஒன்று முதுகில் இருக்கும். நாலேகால் மணி நேரம் தாங்கும். இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டும் முள் அதில் கிடையாது. தலைக்கவசத்தில் ஓடும், நிலையத்துக் கணினியிடமே நேரம் கேட்கும் மணியைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். அன்று குழாய் வளைவில் வலை சிக்கி வேலை இழுத்துவிட்டது. ஜெசிந்தா கதவுக்கு வந்து சேர்ந்தபோது அவள் வெளியே போய் நாலு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் ஆனதாகத் தலைக்கவசம் காட்டியது. மூன்று நிமிஷம் கையில் இருக்கிறது. கதவைத் திறந்தபோது அவளுக்கு நினைவில்லை.

அரை மணி நேரம் போராடினேன். சுவரில் ஆறு முப்பது. விட்டுவிட்டேன்.

சான்றிதழில் இறந்த நேரம் எழுத வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்தப் பெண்ணுக்காவது சுவர்க் கடிகாரத்து நேரத்தை எழுதாமல், என்னிடம் உள்ளதிலேயே நல்ல கடிகாரத்தின் நேரத்தை எழுதுவோம். வேறு என்ன செய்ய முடியும் எனக்கு? உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வேளை தவறி.

ஆறு ஐம்பத்தொன்று.

நான் பதறினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதற்றம் ஜெசிந்தாவுக்காக இல்லை. கடிகாரத்துக்கு ஏதோ ஆகிவிட்டதே என்றுதான் பதறினேன். அவளைத் தூக்கி வந்த அமளியில் யாராவது பெட்டியில் இடித்திருப்பார்கள், சுருள்வில் தட்டியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து அறையில் அவள் கிடக்கிறாள், நான் இங்கே பித்தளை வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்துக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சான்றிதழில் ஆறு முப்பது என்று எழுதினேன். குறிப்பேட்டில், மையில் எழுத மனம் வராமல், பென்சிலால் ஒரு வரி எழுதினேன்: "மாலை. நிலையம் 6.30, கடிகாரம் 6.51. பெட்டி அசைந்திருக்கலாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் வித்தியாசம் கால் வினாடி. ஆக, மாலையில் என் கண்தான் தப்பியிருக்கிறது என்று நிம்மதியானேன். காலைச் சாப்பாட்டில் பிரகலாதனிடம், கடிகாரப் பிரியர் ஆயிற்றே என்று, இதைச் சொல்லவும் செய்தேன்.

இட்லியைப் பிட்டவர் ஒரு கணம் கையை நிறுத்தினார்.

"சார், நேத்து நீங்க இருந்த நிலைமைல யாருக்கும் கண்ணு தப்பும். மனசு கேக்கலைன்னா இன்னிக்கு சாயந்தரம் மறுபடி பாருங்க. பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு வினாடி பிசகில்லை. மறுநாள் மதியமும் பார்த்தேன். பிசகில்லை. அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

எனக்கு உறைத்தது கடிகாரத்தால் இல்லை, மருத்துவ அறையால். அந்த வாரம் தூக்க மாத்திரை கேட்டு ஒருத்தர்கூட வரவில்லை. நாலாம் நாள் கையில் கட்டுப்போட வந்த பெண்ணிடம் கேட்டேன். "என்னமோ டாக்டர், ரெண்டு மூணு நாளா நல்லாத் தூங்குதோம். அந்த அக்கா போன துக்கத்துல தூக்கம் வராதுன்னு நெனச்சோம், ஆனா வருது" என்றாள். கட்டுப்போட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அவள் எண்ணிச் சொன்னாளே.

அடுத்த கூண்டில் மேலே போனேன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஜெசிந்தாவின் கணவர் இன்னாசி ஐஸ் டிப்போ வைத்திருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு நடுவே அவரிடம் சொன்னேன்.

"பகல்ல ஒவ்வொரு நிமிஷத்தையும் ரெண்டு செகண்டு இழுத்து வச்சிருக்காங்க. சுவர்ல பன்னிரண்டு மணி நேரம்னு காட்டும், உள்ளபடி பன்னிரண்டு மணி இருபத்திநாலு நிமிஷம் வேலை. ராத்திரி ஒவ்வொரு நிமிஷத்துலயும் ரெண்டு செகண்டு குறைச்சிருவாங்க. காலைல எட்டு மணிக்கு எல்லாம் சரியாயிரும். நான் நிர்வாகிகிட்ட சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டாங்க."

"ராத்திரியில இருந்து எடுத்துப் பகல்ல ஒட்டியிருக்கானுவ."

"ஆமா. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் எட்டு மணிக்கு மட்டும்தான் பார்ப்பேன்."

"அன்னைக்கு அவ எவ்வளவு நேரம் வெளிய இருந்தா?"

"அவ மணி நாலு பன்னிரண்டு காட்டிச்சு. உள்ளபடி நாலு இருபது. டப்பா நாலேகால் மணிக்கு மேல தாங்காது."

இன்னாசி ஐஸ் உடைப்பவர்களைக் கையசைத்து நிறுத்தச் சொன்னார்.

"அப்ப டப்பாவ அவ சரியாத்தான் அடைச்சிருக்கா."

"சரியாத்தான் அடைச்சிருக்கா."

"டாக்டர், புதுசா வேலைக்குப் போற பிள்ளைகளுக்குக் கரையில வச்சுப் பயிற்சி குடுக்காவ பாருங்க, அங்க அவ போட்டோவ மாட்டியிருக்கான். டப்பாவ ஒழுங்கா அடைக்காதவளுக்கு இந்தக் கதின்னு கீழ எழுதியிருக்கான். எங்க சொந்தக்காரப் பிள்ள ஒண்ணு பாத்துட்டு வந்து அழுதுச்சு. அவ அரிசி களைஞ்சாக்கூட ஒரு மணி கீழ விழாது. அந்த போட்டோவ எறக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் சாவைப் பற்றி நடக்கவிருக்கும் விசாரணைக்குச் சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். குறிப்பேட்டையும் கொண்டுவருகிறேன் என்றேன். பதினோரு வருஷக் கையெழுத்து, அதை மீறி யார் என்ன பேச முடியும் என்று எனக்கு அப்போதும் ஒரு மிதப்பு இருந்தது.

விசாரணை அறையில் நிறுவனத்தின் வக்கீலம்மா குறிப்பேட்டை மரியாதையாகத்தான் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்து மெச்சவும் செய்தார்.

"இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் பாத்ததில்ல டாக்டர். மொத்தம் எத்தனை பதிவு?"

"நாலாயிரத்துப் பன்னிரண்டு."

"எல்லாமே நிலைய நேரத்தோட ஒத்துப் போகுதா?"

"எட்டு மணிக்கு மட்டும்."

"ஒத்துப் போகுதா இல்லையா?"

"போகுது."

"பென்சில்ல ஒரு வரி இருக்கு. வாசிங்க."

வாசித்தேன்.

"பெட்டி அசைந்திருக்கலாம். இதை யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான் எழுதினேன்."

"உங்க சங்க இதழ்ல நீங்க எழுதின கட்டுரை இது. 'வேளை தவறிப் பார்த்த பதிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.' இது உங்க கருத்துதானே?"

"ஆமா."

"இப்பவும் அதுதானா?"

இன்னாசி மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறு ஐம்பத்தொன்று சரியான நேரம், என் உயிரை வைத்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரு ஒழுங்கைத் தலையில் தூக்கிச் சுமந்தவன் நான். இருக்கிற பதிவு ஒன்று. பதற்றத்தில் எடுத்தது. சரிபார்த்த பதிவு எதுவும் கிடையாது. சேகரிப்பாளன் முந்திக்கொண்டான்.

"பொதுவா, ஆமா" என்றேன்.

"வேற கேள்வி இல்ல" என்று குறிப்பேட்டை மூடி மேஜைமேல் வைத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிலைய நேரத்தில் குறை இருந்ததாக நிரூபணம் இல்லை. பதினோரு வருஷத் தனிப்பட்ட பதிவே அதற்குச் சாட்சி. இறந்தவர் டப்பாவைச் சரிவர அடைக்கவில்லை. போட்டோ அதே சுவரில் இருக்கலாம்.

தீர்ப்பை வாங்க வந்த அன்று நானும் இன்னாசியும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நிறுவனம் தாக்கல் செய்த காகிதக் கட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து வேலைவேளை என்ன என்று ஒரு பட்டியல். முதல் நாலு வருஷம் காலை ஆறிலிருந்து மாலை ஆறு. பிறகு ஒரு ஏப்ரல் மாதம் முதல் தேதியிலிருந்து எட்டிலிருந்து எட்டு. மேலே போகும் கூண்டும் அன்றிலிருந்துதான் ஆறு மணியிலிருந்து எட்டுக்கு மாறியிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "நிர்வாக வசதி" என்று போட்டு, பிரகலாதன் கையெழுத்து.

நான் வேலையில் சேர்ந்தது அந்த ஏப்ரல் மூன்றாம் தேதி.

எத்தனை மணிக்கு சாவி கொடுப்பீங்க. எப்பவுமே எட்டுதானா. நடுவுல எடுத்துப் பார்க்க மாட்டீங்களா.

தனி ஆள் ஒருத்தன் தன் கடிகாரத்தோடு கீழே வந்தால் இடைஞ்சல் என்று நினைத்திருந்தால் அவர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லவில்லை. நாளைக்கு எவளாவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும், அதில் படித்த மனுஷன் ஒருவன் நாள் தவறாமல் கையெழுத்துப் போட வேண்டும். முந்நூறு பேரின் வேலையை என் சாவிக்குத் தோதாக இரண்டு மணி நேரம் நகர்த்தி வைத்திருக்கிறார்.

இன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர். உங்களுக்குப் போட்டுக் காட்டவா வேண்டாமான்னு இத்தன நாளா யோசிச்சேன். விசாரணைக்கு உதவாதுன்னு நம்ம வக்கீல் சொல்லிட்டாரு. நீங்க கேக்கணும்னு இப்பத் தோணுது."

போட்டார். ஜெசிந்தாவின் குரல். நிலையத்துப் பின்னணி இரைச்சலோடு, சிரித்துக்கொண்டே பேசுகிறாள்.

"என்னங்க, இன்னைக்கு டாக்டர்ட்டப் போனேன். அந்த நிமிச விசயத்தக் கேட்டேன். அவரு கோவப்படல, பொறுமையா உக்கார வச்சு நோட்டப் பூராக் காட்டுனாரு. பதினோரு வருசம் ஒரு நாள் தப்பாம எழுதியிருக்காரு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. என் எண்ணிக்கதான் தப்பாம். வயசாச்சுல்லா, அப்பா காலத்து எண்ணிக்க இப்ப எப்படிச் சரியா வரும். இனிமே எண்ண மாட்டேன். வெளிய போனா எல்லாரையும் போல மணியப் பாத்தே திரும்பிக்கிடுதேன். மேஸ்திரிட்ட ஏச்சும் மிச்சம். அதச் சொல்லத்தான் பேசுனேன். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெ வைங்க."

முடிந்தது. இன்னாசி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

கடிகாரத்தை நிறுத்திவிடலாம் என்று பாளையங்கோட்டைக்கு வந்த அன்று நினைத்தேன். சாவியைக் கிணற்றில் போடலாம் என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. அது என்ன பாவம் செய்தது? அன்று ஆறு ஐம்பத்தொன்று என்று என் முகத்துக்கு நேரே சொன்னது அது ஒன்றுதான். முள்ளைத் திருத்தக் கூடாது, பிழையை எழுதிவைக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

இன்றைய பதிவு. மாலை ஐந்து பத்து. அறை முப்பத்தோரு டிகிரி. பெட்டியைத் திறந்து பார்த்தேன், கடிகாரம் சரியாக ஓடுகிறது. மூடியைத் திறந்து, நேரம் பார்த்து, மறுபடி மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாய்விட்டு எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

குற்றாலநாதன்.